பால்காரி பிள்ளைக்குப் பால் ஆகாது

மக்கா,

போன மாதம் கோயம்புத்தூரில் உன் வீட்டில் வந்து இருந்தேன் அல்லவா, அப்போது ஒரு சாயங்காலம் நான் பாப்பாவுக்கு ஏத்தன் வாழைக்காய்க் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிண்ணத்தை அடுக்களை மேடையில் வைத்தேன். நீ அதை எடுத்து முகர்ந்து பார்த்தாய். பிறகு விரலால் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாய். நான் துணி எடுக்கப் போயிருந்தேன், பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். கதவுக் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. நான் கஞ்சியில் பால் கலந்திருப்பேனோ என்று உனக்குச் சந்தேகம். அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கு வந்த பிறகும் போனில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு எழுதுகிறாள் என்று நினைக்காதே. அந்த மூக்கு உனக்கு என்னிடமிருந்து வந்தது. உனக்காக நான் எத்தனை கிண்ணங்களை, யாரும் பார்க்காதபோது முகர்ந்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது.

பாப்பாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று நீ போன் செய்து, "எனக்கும் சின்னதுல இப்பிடித்தான் இருந்துதாம்மா?" என்று கேட்டாய். ஆமா, பின்னே சரியாயிட்டு என்று சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றினேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஏன் என்று போகப் போக உனக்கே விளங்கும். அதனால்தான் இந்தக் கடிதம். இதை என் மருமகள் ஷைனியும் படிக்கட்டும். பெரியவளாகிப் படிக்கத் தெரிந்தால் பாப்பாவும் படிக்கட்டும்.

நீ பிறந்த வருஷம் கொட்டாரம் ஊரில் நம் தொழுவத்தில் மூன்று பசுக்கள் நின்றன. உன் அப்பாவுக்குத் திருவனந்தபுரம் பக்கம் கட்டிட வேலை. திங்கட்கிழமை விடியக் கிளம்பினால் சனிக்கிழமைதான் முகத்தைப் பார்க்கலாம். கறப்பதும், தூக்குவாளியில் வீடு வீடாய்க் கொண்டு ஊற்றுவதும், ஜங்ஷனில் செல்லப்பன் சாயாக்கடைக்குக் கொடுப்பதும் நான்தான். நம் பாலில் தண்ணீர் சேராது என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. உனக்கு நாலு மாதம் ஆனபோது எனக்கு ஒரு காய்ச்சல் வந்து, என்னிடம் இருந்த தாய்ப்பால் வற்றிப்போனது. யாரும் அதைப் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. தொழுவத்தில் மூன்று பசுக்கள் நிற்கிற வீட்டில் பிள்ளைக்குப் பாலுக்கா பஞ்சம்? காய்ச்சி, வெள்ளம் சேர்த்து நீர்க்க வைத்து, ஆற்றிக் கொடுத்தேன். நீயும் குடித்தாய்.

ஒரு வாரத்துக்குள் உன் கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரத்தது. குடித்ததெல்லாம் வெளியே வந்தது. சாயங்காலமானால் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்துவாய். ஒருநாள் உன் துணியை அலசும்போது மலத்தில் சளியும், நூல் நூலாய் இரத்தமும் கண்டேன். அந்த நிமிஷத்திலிருந்து நான் சந்தேகப்படத் தொடங்கினேன். முதலில் கிணற்றைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து வயலில் அடித்த பூச்சிமருந்து ஊறி வந்திருக்கும் என்று, தெருமுனைக் குழாயில் போய் வெள்ளம் பிடித்தேன். பிறகு வடசேரியில் புதிதாய் வாங்கிய பிண்ணாக்கைச் சந்தேகப்பட்டேன். அதை நிறுத்தி வெறும் வைக்கோலும் தவிடும் போட்டேன். பிறகு கறுத்த பசுவைச் சந்தேகப்பட்டு, சிவலைப் பசுவின் பாலை மட்டும் தனியாய்க் காய்ச்சிக் கொடுத்தேன். அதற்கும் நிற்கவில்லை என்றதும் மனுஷரைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். பிள்ளையைப் பார்க்க வந்து, கொழுகொழுவென்று இருக்கிறான் என்று சொன்னவர்களை எல்லாம் நினைத்து நினைத்துப் பார்த்தேன். கண்ணேறு என்பதெல்லாம் நம் சபையில் பேசக்கூடாத பேச்சு. பேசவில்லை. நினைத்தேன். கிணறு, தீனி, பசு, ஊர்க்கண் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்குப் பால் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. அது எப்படி வரும்? அதுதானே நம் வீட்டுச் சோறு.

நாகர்கோவிலில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் கொண்டு போனேன். அவர் உன்னைப் பார்த்த நேரத்தைவிட என்னிடம் கேள்வி கேட்ட நேரம்தான் அதிகம். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன கொடுத்தாய், உன் அப்பாவுக்கோ எனக்கோ மூச்சிழுப்பு உண்டா, இப்படி. கடைசியில், பாலில் இருக்கிற புரதம் இவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பாலும் பாலில் செய்த எதுவும் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக்கூடாது என்றார். பாலுக்குப் பதில் ஒரு மாவு டப்பா எழுதித் தந்தார். எனக்குச் சுருக்கென்றது. டப்பா விற்கத்தான் இந்த நாடகமோ என்று நினைத்தேன். ஊரே பால் குடித்துத்தானே வளருகிறது, என் பிள்ளைக்கு மட்டும் என்ன என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஊருக்கெல்லாம் ஒத்துக்கிடுது. இவனுக்கு இப்ப ஒத்துக்கிடல்ல. இப்பன்னுதான் சொல்லுகேன், எப்பவும்னு சொல்லல்ல" என்றார்.

அவர் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் நான் பாலை நிறுத்தினேன். சத்தியமாய் அதுதான் என் எண்ணம். இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, இரத்தம் நிற்கவில்லை பார் என்று போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் நின்றுவிட்டது. கன்னம் ஆறியது. சாயங்காலம் நீ கத்தவில்லை. கத்தாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இது டப்பா மாவில் ஏதாவது மயக்க மருந்து கலந்திருப்பதாலோ என்று யோசித்தவள் நான். அதன் பிறகுதான் மெல்ல மெல்ல என் சந்தேகம் பால் பக்கம் திரும்பியது. திரும்பியதும் அது முழுசாய்த் திரும்பியது. கறந்துவிட்டு வந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலை மாற்றித்தான் உன்னைத் தூக்குவேன். உன் பாத்திரங்களைத் தனியாய் ஒரு அலமாரியில் வைத்தேன். மட்டிப்பழம், கேழ்வரகுக் கூழ், தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி, கொஞ்சம் வளர்ந்த பிறகு முள்ளோடு நசுக்கிய நெத்திலி என்று உன்னை வளர்த்தேன். பிஸ்கட்டில் பால், ரொட்டியில் பால், கிறிஸ்துமஸ் கேக்கில் பால், ஞாயிறு பள்ளியில் கொடுக்கிற மிட்டாயில் பால். அன்பாய் ஒன்றை நீட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொரு கையையும் நான் தட்டிவிட்டேன்.

இது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? பால்காரி தன் பிள்ளைக்குத் தன் பாலைக் கொடுப்பதில்லை என்று பேச்சு பரவியது. தண்ணீர் சேர்க்கிறாள் என்று சொன்னாலும் பரவாயில்லை. பால் கெட்டியாய் நிற்க என்னமோ பொடி கலக்கிறாள், அதனால்தான் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கப் பயப்படுகிறாள் என்றார்கள். ஒருநாள் காலையில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயாக்கடைக்குப் போனேன். செல்லப்பன் தூக்குவாளியைத் தொடவில்லை. ஆள்கள் கேட்கிறார்கள், நான் என்ன சொல்ல என்றார். எனக்கு ஆத்திரம். வாளி மூடியில் ஊற்றி, அவர் கண் முன்னால், அத்தனை பேர் முன்னால் மடமடவென்று குடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை.

"நீ குடிச்சது கெடக்கட்டும் பிள்ள. இடுப்புல இருக்கானே, அவனுக்கு ஒரு வாய் குடு. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்" என்றார்.

கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது கள்ளப் பேச்சாய்க் கேட்டது. உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாளியோடு திரும்பி நடந்தேன். அந்தக் கடை போனது. பின்னாலேயே பாதி வீடுகள் பாக்கெட் பாலுக்குப் போயின. கறுத்த பசுவை விற்றோம். உனக்காக நான் பட்ட நஷ்டத்தைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. சந்தேகம் என்பது ஒரு வழிப் பாதை இல்லை. நான் ஊரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அதே நாளில் ஊரும் என்னைச் சந்தேகப்பட்டது. அவர்கள் நிலையில் நான் இருந்திருந்தால் நானும் அந்தப் பாலை வாங்கியிருக்க மாட்டேன்.

உனக்கு ஒரு வயது ஆனதும் டாக்டரம்மா தன் முன்னாலேயே வைத்து இரண்டு கரண்டி பால் கொடுத்துப் பார்த்தார். அரைமணி நேரம் கழியவில்லை, நெஞ்செல்லாம் தடித்தது, வாந்தி எடுத்தாய். வெறும் இரத்தம் மட்டும் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வயதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும், இப்படி உடனே தடிக்கிறவர்களுக்கு இன்னும் சில வருஷம் பிடிக்கும், ரொம்பக் கொஞ்சம் பேருக்குப் போகாமலும் இருக்கும் என்று சொன்னார். நீ எந்த வகை என்று கேட்டேன். வளர்ந்தால்தான் தெரியும் என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்?

இனி லில்லி பெரியம்மா கதைக்கு வருகிறேன். உன் பெரியப்பாவின் மனைவி, பக்கத்து வீடு, நீ இன்றைக்கும் ஊருக்கு வந்தால் முதலில் போய் நிற்கிற வீடு. உனக்கு ஒன்றரை வயதில் பெரியம்மா அஞ்சுகிராமத்தில் உள்ள தம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது ஒரு பாட்டிலில் ஆட்டுப்பால் கொண்டுவந்தார்கள். மாட்டுப்பால்தானே ஆகாது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம், பிள்ளை எலும்பும் தோலுமாய் இருக்கிறான் என்றார்கள். எனக்கும் அது நியாயமாய்ப் பட்டது. டாக்டரிடம் கேட்காமல் என் கையாலேயே புகட்டினேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் உன் உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது, நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஆட்டோவில் நாகர்கோவில் போகிற வழியெல்லாம் லில்லி பெரியம்மாதான் உன் முதுகைத் தடவிக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்டு நீ மூச்சு விட்டதும், நான் திரும்பி அவர்களிடம், இனி நீங்கள் என் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். புகட்டிய கை என்னுடையது. ஆனால் அந்த நாளை நினைத்தால் அவர்கள் கையில் இருந்த பாட்டில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அதன் பிறகு உன்னை அந்த வீட்டுக்குள் விடவில்லை. நீ வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வீட்டு அண்ணன்மாரோடு விளையாடுவாய். லில்லி பெரியம்மா ஏதாவது தட்டோடு வெளியே வந்தால் நான் உன்னைக் கூப்பிட்டுவிடுவேன். அவர்கள் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாய் இருந்தது.

உனக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நீ என் மடியில் தூங்கிவிட்டாய். குனிந்து உன் தலையை நேராக்கினேன். உன் வாயில் பால் வாடை. கறக்கிறவள் மூக்குக்கு அது தப்பாது. போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன். தடிப்பு இல்லை. வீட்டுக்கு வந்து யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே வாடை. மற்ற நாளில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பால் ஊற்றப் போகும் நேரத்தில் வீட்டில் உன் அப்பா மட்டும்தான் இருப்பார். அவர் அசந்த நேரம் பார்த்து லில்லி பெரியம்மா வேலிக்கு மேலாகக் கொடுக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். என்னை மண்டைக்கனம் பிடித்தவள் என்று ஊருக்குக் காட்டத்தான் இதைச் செய்கிறார்கள், உனக்கு ஏதாவது ஆகிற வரை நிறுத்த மாட்டார்கள் என்றெல்லாம் மனதுக்குள் வழக்கு நடத்தினேன். அடுத்த ஞாயிறு, வாளியை எடுத்துக்கொண்டு கிளம்புவதுபோல் கிளம்பி, தெரு திரும்பியதும் வாழைத்தோட்டம் வழியாய்ப் பின்பக்கம் வந்தேன். கையும் களவுமாய்ப் பிடித்து, அன்றோடு அந்த உறவை அறுத்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

வேலிப்பக்கம் யாரும் இல்லை. அடுக்களைப் படியில் உன் அப்பா சாயா டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நீ அவர் முழங்காலில் சாய்ந்து நின்றாய். அவர் ரஸ்க்கைப் பிட்டுப் பால் சாயாவில் முக்கி, ஊதி ஆற்றி, உன் வாயில் வைத்தார். நீ மென்றுகொண்டே, "அம்மைகிட்ட சொல்லமாட்டேன்" என்றாய். கேட்காமலே சொன்னாய். பழகிப்போன பாடம்போல் சொன்னாய்.

ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்ட நான் அந்த ஒரு ஆளைச் சந்தேகப்படவே இல்லை. வாளியைக் கீழே வைத்ததுகூட எனக்கு ஞாபகம் இல்லை. உன்னைத் தூக்கி விரலை விட்டு வாயைத் துடைத்தேன். நீ அழுதாய். எத்தனை நாளாய் என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார். பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவர் டம்ளரைப் படியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"அவன் எனக்க டம்ளரையே பாத்துக்கிட்டு நிக்கான். ஆறு நாள் கழிச்சு வாறேன். அவன நிக்க வச்சுக்கிட்டு நான் மட்டும் எப்பிடிக் குடிக்க?"

அன்றைக்கு அவரோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே, இவ்வளவு நாள் தின்றும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு எண்ணம் எழும்பி எழும்பி வந்தது. அதையும் சந்தேகப்பட்டேன். உள்ளே ஏதோ சேர்ந்துகொண்டிருக்கிறது, ஒருநாள் மொத்தமாய் வெடிக்கும் என்று பயந்தேன். திங்கட்கிழமை அவரை வேலைக்கு விடவில்லை. மூன்று பேருமாய் டாக்டரம்மாவிடம் போனோம். உன் அப்பா நடந்ததைத் தானே சொன்னார். டாக்டரம்மா அவரை நன்றாய்த் திட்டினார். ஆட்டுப்பாலுக்கு மூச்சு முட்டிய பிள்ளைக்கு ரஸ்க் முக்கிக் கொடுத்தீர்களே, இன்னொரு தடவை முட்டியிருந்தால் கொட்டாரத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்திருப்பானா என்று கேட்டார். திட்டி முடித்த பிறகு, இந்த வயதில் பலருக்கு அது விட்டுப்போகத் தொடங்கும், இவனுக்கும் விட்டுப்போயிருக்கலாம், ஆனால் அதை அடுக்களைப் படியில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் ஒருநாள் குறித்துக் கொடுத்தார்.

அந்த நாளை நான் உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பாப்பாவுக்கும் அது வரும். காலையில் உன்னைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஊசியும் மருந்தும் எடுத்து வைத்திருந்தார்கள். முதலில் உதட்டில் ஒரு சொட்டு. காத்திருந்தோம். பிறகு அரைக் கரண்டி. காத்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் வந்து உன் தோலைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டுப் போவாள். அவள் போனதும் நான் ஒருமுறை பார்ப்பேன். நீ ஒருமுறை இருமினாய். நான் எழுந்து கத்திவிட்டேன். எச்சில் புரையேறியிருக்கிறது என்றாள். மத்தியானத்துக்குள் ஒரு டம்ளர் முழுசும் உன் வயிற்றில் போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை. நாலு வருஷம் நாங்கள் எல்லாரும் எதற்காகச் சண்டை போட்டோமோ அந்தப் பாலைக் குடித்து முடித்துவிட்டு நீ முகத்தைச் சுளித்து, "இது நல்லாவே இல்ல" என்றாய். உன் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் வரும்போதும், வீட்டுக்கு வந்த பிறகும் உன் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மறு வருஷம் வரை உன் அலமாரியைப் பிரிக்கவில்லை. நோய் உன்னை விட்டுப் போய் வெகு காலம் ஆன பிறகும் அது என்னிடம் குடியிருந்தது.

முழுசாய் விட்டுப் போனது என்றும் சொல்ல மாட்டேன். மழைக்காலம் வந்தால் உனக்கு இழுப்பு வரும். ஆறாம் வகுப்பு வரை வந்தது. பாலுக்கு உடம்பு சண்டை போடுகிற பிள்ளைகளுக்கு இப்படி வேறு வாசல் வழியாய் வரும் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். அண்ணன்மாரைவிடக் குள்ளமாய் இருந்தாய். பிளஸ் டூ படிக்கும்போதுதான் அவர்களைத் தாண்டினாய். அதனால் பாப்பாவின் எடையையும் உயரத்தையும் விடாமல் பார்த்து வா. பால் போன இடத்தில் என்ன வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வை. ஒரு தும்மலுக்கு நாலு பேரைச் சந்தேகப்படுகிற நேரத்தில் இதைச் செய்தால் பலன் உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நான் லில்லி பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த அடுக்களையில் கால் வைத்தேன். அவர்கள் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை வாடையை, வாழைத்தோட்டம் வழியாய் வந்ததை, அவர்களை நினைத்துக்கொண்டு வந்ததை. இவ்வளவு காலம் தப்பாய் நினைத்துவிட்டேன் மைனி என்றேன். அழுவார்கள், அல்லது ஏசுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கையைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ தப்பா நெனைக்கல்ல பிள்ள. ஒருநா நீ இல்லாத நேரம் அவன் வேலிக்கிட்ட வந்து நின்னான். எனக்க பிள்ளைங்க பால் குடிக்கதையே பாத்துக்கிட்டு நின்னான். ஒரு டம்ளர்ல ஊத்திக் கையில எடுத்துட்டேன். வேலி வரைக்கும் கொண்டும் போயிட்டேன். பின்ன பூனைக்கு ஊத்திட்டு உள்ள வந்து கதவ அடச்சேன்."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. உனக்குப் பால் கொடுக்கத் துணிந்தவர்களில் ஒருவர்கூட உனக்கு ஆகாதவர் இல்லை. எதிரி எவனும் ஒரு பிள்ளைக்குப் பால் ஊற்ற மாட்டான். நான் பகைவரைத் தேடிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தேன். உன்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான் டம்ளரை எடுத்தார்கள்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். கிண்ணத்தை நீ முகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள் நடந்தது உனக்குத் தெரியாது. நீயும் ஷைனியும் ஆபீஸ் போயிருந்தீர்கள். நான் சாயா போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பாப்பா தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டினாள். தள்ளி வைத்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும். டம்ளரையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான், உன்னை ஆட்டோவில் வீங்கிய முகத்தோடு கொண்டு ஓடிய நான், சுண்டுவிரலை டம்ளரில் விட்டேன். ஒரு சொட்டுதானே என்று நினைத்தேன். விரல் அவள் உதட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது வாசலில் கூரியர் பையன் மணி அடித்தான். நான் விரலைச் சேலையில் துடைத்தேன். சாயாவைத் தொட்டியில் கொட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். மணி அடித்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். என் சொல்லை நான் நம்பவில்லை.

அடுத்த மாதம் பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று ஷைனி சொன்னாள். இப்போதெல்லாம் எடுத்த எடுப்பில் பால் கொடுப்பதில்லையாம், நன்றாய் வேகவைத்த பிஸ்கட்டில் தொடங்கிப் படிப்படியாய் ஏற்றுகிறார்களாம். நல்லது. அவர்கள் சொல்கிற படியை நீங்களாகத் தாண்டாதீர்கள். அன்றைக்கே சரியாகிவிட்டால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தடித்துப்போனால் மனம் உடைந்துவிடாதே, உனக்கும் முதல் தடவை தடித்தது. இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். அந்த ஒரு வருஷம் உங்கள் இரண்டு பேரால் மட்டும் வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளையையும் பார்க்க முடியாது. ஆள் வேண்டியிருக்கும். என்னைக் கூப்பிடு, வருகிறேன். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஆனால் பிள்ளையை எங்களிடம் தனியாய் விடும் நாளில், வீட்டில் பால் வைக்காதே, பால்தூள் வைக்காதே, எங்களுக்குச் சாயா வேண்டுமென்றால் கட்டஞ்சாயா போதும். திரும்பி வந்ததும் எங்கள் கண் முன்னாலேயே பாத்திரத்தை எடுத்துப் பார். மறைந்து நின்று பார்க்க வேண்டாம். எங்களுக்கு வருத்தமில்லை.

வரச் சொல் மக்கா. நம்பாதே.

உன் அம்மா